சாரதா ஊருக்குப் போய்விட்டாள்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
5.8.1981

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் செசீலியும் சுகம். இதை எழுதியாகிவிட்டது, இனிமேல் சண்டை.

போன மாதம் இன்ஷூரன்சுக்கு மஸ்கட்டிலிருந்தே செக் அனுப்பினீர்களே, எனக்கு ஒரு வரி சொன்னீர்களா? நீங்கள் அங்கேயே சேர்த்து மொத்தமாக அனுப்பிய டிராஃப்ட் பம்பாய் போய் வசூலாகிக் கணக்கில் ஏறுவதற்குள் இங்கே செசீலிக்குக் காய்ச்சல். நீங்கள் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன நாலு செக்கில் ஒன்றைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுத்தேன். மறுநாள் உங்கள் செக் வந்து நின்றிருக்கிறது. கணக்கு காலி. மேனேஜர் நல்ல மனுஷர். மஸ்கட் பார்ட்டிதானே என்று பாங்குப் பணத்தைப் போட்டு செக்கைப் பாஸ் பண்ணிவிட்டார். பண்ணிவிட்டு அதற்கு ஒரு கட்டணம், அப்புறம் வட்டி வேறு பிறகு வருமாம். ஓவர் டிராஃப்ட்! நாம் கேட்காத கடனைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கூலியையும் நம் கணக்கிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பி.ஏ.வில் பாங்கிங் பேப்பரில் அறுபத்தெட்டு மார்க் வாங்கியவள் நான். ஓவர் டிராஃப்ட் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அது ஒருநாள் என் தலையிலேயே விழும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

இப்போது டிராஃப்ட் ஏறிவிட்டது, பிடித்தது சின்னத் தொகைதான். என் பயம் வேறு. கணக்கு உங்கள் ஒருவர் பெயரில். செக் புத்தகம் மஸ்கட்டில் உங்கள் பெட்டியில். எனக்குத் தெரியாமலே அந்தப் பணம் எங்கேயாவது போய்விடலாம். அந்தப் பணம் என்றால் என்ன? அரியூர் ரோட்டில் சுப்பராயலு அண்ணன் உங்களுக்காக வைத்திருக்கும் லேத். பட்டறையை மூடப்போகிறார், பொங்கல்வரை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். அது நம் கைக்கு வந்தால் நீங்கள் டிசம்பரில் வந்து இங்கேயே கடைசல் வேலை பார்க்கலாம். லேத் வராவிட்டால் கம்பெனிக்கு இன்னும் இரண்டு வருஷம் எழுதிக்கொடுப்பீர்கள். நீங்கள் விமானம் ஏறும்போது செசீலி என் வயிற்றில் இருந்தாள். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நானே ஒரு ஏற்பாடு கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி, எல்லாவற்றிலும் நம் விலாசம் எழுதி, பாங்கில் கிளார்க் சம்மந்தத்திடம் கொடுத்தேன். "சார், எங்க கணக்குலேர்ந்து எப்ப பணம் போனாலும், யார் எடுத்தாலும், அன்னைக்கே ஒரு கார்டைத் தபால் பெட்டியில போட்டுடுங்க" என்றேன்.

"இன்னாம்மா, நான் பாங்குல வேலை செய்யறனா, தபாலாபீசுல வேலை செய்யறனா?" என்றார். ஆனால் வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார்.

கார்டில் என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. நம் தபால்காரர் கார்டைப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். பணம் போயிற்று என்று எழுதினால் பணம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அதனால் எல்லாக் கார்டிலும் ஒரே வரி எழுதிவிட்டேன்: 'சாரதா ஊருக்குப் போய்விட்டாள்.' நமக்குச் சாரதா என்று யாரும் கிடையாது. அந்தக் கார்டு வந்தால் பணம் போயிற்று என்று அர்த்தம்.

சிரிக்காதீர்கள். பதில் எழுதுங்கள்.

கோபம் பாதி தணிந்த
அன்னாமேரி


கேம்ப், மஸ்கட்
21.8.81

அன்பு மேரிக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. இன்ஷூரன்ஸ் செக்கைச் சொல்லாதது தப்புதான். இனி எந்த செக் எழுதினாலும் அதன் நம்பரை லெட்டரின் முதல் வரியில் போட்டுவிடுகிறேன். இந்த மாதம் ஒன்றும் எழுதவில்லை.

சாரதா விஷயத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் கோழிக்கோட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, யார் அந்த சாரதா, அவள் ஊருக்குப் போனால் உன் பெண்டாட்டி ஏன் லெட்டர் போடுகிறாள் என்று கேம்ப் முழுக்கப் பரப்பிவிட்டான். இப்போது சமையல்காரன்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். உன் கண்டுபிடிப்பால் எனக்குக் கிடைத்த பெயர் இது.

மிச்சம் மூன்று செக் உன்னிடம் இருக்கிறது. ஜாக்கிரதை. தொகையும் எழுதாமல், பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டது. அது யார் கையில் கிடைத்தாலும் மனசுக்குத் தோன்றியதை எழுதி மொத்தமாக எடுத்துக்கொண்டு போகலாம். பாங்கில் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அப்போது புத்தி இல்லாமல் செய்தேன், அவசரத்துக்கு உனக்கு வேண்டுமே என்று. எங்கே வைத்திருக்கிறாய் என்று லெட்டரில் எழுதாதே. வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

நான் இப்போது மஸ்கட் டவுனிலிருந்து வெகுதூரம் பாலைவனத்தில். வியாழக்கிழமை தண்ணீர் வண்டி வரும். அதில்தான் தபால் வரும், தபால் போகும். கம்பெனி நவம்பர் 15க்குள் இருப்பவனா போகிறவனா சொல் என்கிறது. காகிதம் கொடுத்துவிட்டார்கள், பூர்த்தி செய்யவில்லை. பணம் இப்படியே இருந்தால் லேத்துக்குப் போதும். பார்க்கலாம்.

குட்டி என்ன உயரம்? கதவில் கோடு போட்டு, நூலில் அளந்து, நூலை அனுப்பு.

மரியசுந்தரம்


வில்லியனூர்,
5.10.1981

அத்தானுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் செசீலிக்கு அம்மை போட்டது. உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று குருவிநத்தத்துக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது நன்றாகிவிட்டாள், நெற்றியில் ஒரு தழும்பு மட்டும். நேற்றுத் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கூடு காலி. நம் மாதா சுரூபம் இல்லை.

அந்தச் சிலைக்கு அடியில், உள்ளே குழியாக இருக்கிறதே, அதில்தான் மூன்று செக்கையும் மடித்து வைத்துத் துணியால் அடைத்திருந்தேன். அலமாரியை யாரும் திறக்கலாம், பெட்டியை யாரும் உடைக்கலாம், மாதாவை யார் தொடுவார்கள் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். அக்டோபர் ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் மாதாவை வைத்து ஜெபமாலை சொல்லி, மறுநாள் சாயந்திரம் அடுத்த வீட்டுக்குப் பவனியாகக் கொண்டுபோவார்களே, கோயில் சுரூபம் கீழே விழுந்து கை உடைந்துபோயிற்றாம். உபதேசியார் இன்னாசிமுத்து வந்து கேட்க, உங்கள் அண்ணி நம் சுரூபத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் இல்லாதபோது!

"என்னைக் கேக்காம எப்படிக்கா குடுத்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"இன்னாடி இது? உங்க வூட்டு மாதான்னா தனி மாதாவா? ஜெபமாலைக்குக் குடுத்தது ஒரு குத்தமா? மஸ்கட்டு பணம் வந்ததும் மாதாவுக்கே பூட்டு போடுவ போலிருக்குதே!"

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு உப்பு வேண்டுமென்றாலும் பக்கத்து வீட்டுக்குப் போகிறோம்.

என்ன சொல்லிக் கேட்பது நான்? அடியில் செக் இருக்கிறது என்று சொன்னால், இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், எழுதினால் பணம் வரும் காகிதம் இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்று. சொல்லாமல் இருந்தால் அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு ராத்திரி, ஒரு பகல். எந்த வீட்டிலும் அடித்துணி நழுவலாம்.

நேற்று மதலேனாள் வீட்டு ஜெபமாலைக்குப் போனேன். பூ மாற்றுகிற சாக்கில் சுரூபத்தைத் தூக்கப் போனேன். "தொடாத மேரி! வெச்ச எடத்துலேர்ந்து அடுத்த வூட்டுக்காரங்கதான் தூக்கணும்" என்று கையைப் பிடித்துவிட்டாள். இன்றைக்கும் போகப்போகிறேன். மாதம் முழுக்கப் போவேன். உபதேசியார், "காலேஜ் படிச்ச பொண்ணுக்கு இவ்ளோ பக்தியா" என்று நேற்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எனக்குக் கூசுகிறது.

திட்டுங்கள். திட்டி எழுதுங்கள்.

மேரி


10.10.1981, சனி, பகல்

அத்தான்,

கார்டு வந்துவிட்டது.

தபால்காரர், "யாரும்மா அந்த சாரதா? சொல்லாம கொள்ளாம பூட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். நான் ஒரு செக்கும் கொடுக்கவில்லை. நீங்களும் எழுதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரோ எடுத்திருக்கிறார்கள். எவ்வளவு என்று தெரியாது, கார்டில் தொகைக்கு நான் இடமே விடவில்லை. என்ன கண்டுபிடிப்பு! திருட்டுப் போயிற்று என்று சொல்கிறது, எவ்வளவு போயிற்று என்று சொல்லமாட்டேன் என்கிறது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாங்குக்கு ஓடினேன். சனிக்கிழமை, பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமைதான் திறப்பார்கள். சம்மந்தத்தின் வீடு அரியூரில் எங்கே என்று தெரியாது. திரும்பி வரும்போது எதிரில் வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். பாஸ்கல் தாத்தா புது வேட்டி கட்டியிருந்தார். அவரைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற வேட்டி அது, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்.

எல்லாம் போயிருந்தால் என்ன செய்வது? லேத் போயிற்று. நீங்கள் வருவதும் போயிற்று. என்னால்.

இதை இப்போதே தபாலில் போடுகிறேன். போடாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மே.


வில்லியனூர்,
12.10.1981, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

மாதாவுக்கு ஸ்தோத்திரம், பணம் போகவில்லை! சனிக்கிழமை எழுதியதைப் படித்து மனசை விட்டிருப்பீர்கள். அதை விடுங்கள், இதைப் படியுங்கள்.

பாங்கு திறக்கும்போது வாசலில் நான்தான் முதல் ஆள். சம்மந்தம் என்னைப் பார்த்துப் பயந்துபோய், "இன்னாம்மா, கொழந்தைக்கு இன்னா?" என்றார். கார்டை நீட்டினேன். பார்த்துவிட்டு, பெருமையாக, "வந்துடுச்சா? நான்தான் போட்டேன்" என்றார்.

"யாரு எடுத்தாங்க சார்? எவ்ளோ?"

"யாரும் எடுக்கல. அந்த ஓவர் டிராஃப்டுக்கு வட்டி பாக்கி இருந்துச்சில்ல, அரை வருஷக் கணக்கு முடிச்சதுல பிடிச்சோம். மூணு ரூபா சொச்சம்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "அதுக்கா சார் கார்டு?"

"நீங்கதானம்மா சொன்னீங்க, எப்ப பணம் போனாலும் போடுன்னு. பாங்கே எடுத்தா போடாதன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் செய்தேன். அவர் பியூனை அனுப்பி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். இனிமேல் பாங்கு பிடிக்கிற சில்லறைக்கெல்லாம் வேறு கார்டு: 'சாரதா தெருமுனைவரை போய்வந்தாள்.' ஆள் வந்து எடுத்தால்தான் ஊருக்குப் போவாள். அங்கேயே உட்கார்ந்து நாலு கார்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பணம் முழுசாக இருக்கிறது. ஆனால் மூன்று செக்கும் இன்னும் ஊர்வலத்தில்தான். கணக்கு என் பெயரில் இல்லாததால் அவற்றை நிறுத்தச் சொல்லவும் என்னால் முடியாது. இன்றைக்கு அந்தோணி மேரி அக்கா வீடு. சுரூபத்தைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துக்கொள்கிறார்கள், கிட்டே போகவே முடிவதில்லை. 31ஆம் தேதி நம் வீட்டுக்குத் திரும்பும். அதுவரை என் உயிர் சம்மந்தத்தின் டிராயரில் இருக்கிறது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்னாமேரி


கேம்ப்
22.10.81

அன்பு மேரிக்கு,

இன்றைய வண்டியில் உன் இரண்டு லெட்டரும் சேர்ந்து வந்தன. சுரூபத்தைப் பற்றியதும், கார்டு வந்துவிட்டது என்பதும். வண்டி தண்ணீர் இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் அந்த மூன்று நம்பரும் இருந்தன. பாங்குக்குத் தந்தி எழுதி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். டவுனில் இன்றைக்கே அடித்துவிடுவான். இந்த மூன்று செக்கும் வந்தால் பணம் தரக்கூடாது என்று. பூட்டு உடைந்தபிறகு கதவைச் சாத்துவதுதான். இருந்தாலும் மிச்சம் ஏதாவது இருந்தால் அதாவது இருக்கட்டும்.

உன்னைத் திட்டமாட்டேன். கையெழுத்துப் போட்டது நான். நீ வைத்த இடமும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

பணம் போயிருந்தால் போகட்டும் மேரி. இரண்டு வருஷம்தானே. முதல் இரண்டு வருஷம் ஓடவில்லையா? சுப்பராயலு அண்ணனிடம் லேத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல், என்னால் அவர் காத்திருக்க வேண்டாம். அண்ணியிடம் பேசு. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

கம்பெனிக் காகிதத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அடுத்த வண்டியில் அனுப்பிவிடுவேன்.

நூல் வந்தது. கட்டில் காலில் கட்டி வைத்திருக்கிறேன். என் முழங்காலுக்கு மேலே வருகிறாள்.

சுந்தரம்


வில்லியனூர்,
3.11.1981

அன்புள்ள அத்தானுக்கு,

இது கிடைப்பதற்கு முன் என் தந்தி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா? உங்கள் 22ஆம் தேதி லெட்டர் இன்று மத்தியானம்தான் வந்தது. 'அடுத்த வண்டியில் அனுப்பிவிடுவேன்' என்ற வரியைப் படித்ததும் குழந்தையை உங்கள் அண்ணி கையில் திணித்துவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன். 'சாரதா வீட்டில் பத்திரம். கையெழுத்து வேண்டாம்.' தந்தி கிளார்க், இது என்ன கல்யாணத் தகராறா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயந்திரம் மேளத்தோடு மாதா நம் வீட்டுக்குத் திரும்பினார். ஜெபமாலை முடிந்து கடலை கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, கதவைத் தாழ்போட்டு, சுரூபத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். அடியில் நான் வைத்த பழைய பாவாடைத் துணி இல்லை. வேறு துணி. சிவப்பு ரவிக்கைத் துணி. இழுத்தேன்.

காகிதமாகக் கொட்டியது, அத்தான். ஒன்றா இரண்டா! நோட்டுப் புத்தகக் கிழிசல், காலண்டர் தாள், சிகரெட் அட்டை, மருந்துச் சீட்டு, எல்லாம் சின்னச் சின்னதாக மடித்து. நடுவில் நம் மூன்று செக்கும், நான் மடித்த மடிப்போடு. தொகை எழுதாமல், பெயர் எழுதாமல், அப்படியே.

கதவைத் தட்டினார்கள். உங்கள் அண்ணி. ஒரு மாதமாகப் பேசாதவர்கள் உள்ளே வந்து என் மடியைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, எல்லாத்தையும் கொட்டிட்ட?" என்றார்கள்.

"இது இன்னாக்கா?"

"இன்னாவா? வேண்டுதல் சீட்டு. மொதல்ல வெச்சவளே நீதானே! சுரூபத்தத் தூக்கிக் குடுக்கசொல்ல அடித்துணி உழுந்துடுச்சி. கூடவே மூணு காயிதமும் பிரிஞ்சி உழுந்துச்சி, கீழ தம்பி கையெழுத்து. சரி, தம்பி மாதாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்குது, இன்னா வேணுங்கறத நீ எழுதிக்குவன்னு காலியா வுட்டிருக்குதுன்னு நெனச்சேன். எனுக்கே கண்ணு கலங்கிடுச்சி. அதே மடிப்புல திரும்ப வெச்சி, என் ரவிக்கத் துணிய கிழிச்சி அடைச்சேன்."

"மத்ததெல்லாம்?"

"மதலேனா வூட்ல சொன்னேன், மேரி வூட்டு மாதாகிட்ட சீட்டு வெக்கறதுன்னு ஒரு வழக்கம் கீது, வெச்சா பத்திரமா இருக்கும்னு. அப்பறம் வூட்டுக்கு வூடு வெச்சாங்க."

"யாரும் பிரிச்சுப் பாக்கலையா?"

உங்கள் அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. "மாதாவுக்கு எழுதி வெச்ச சீட்ட எவடி பிரிப்பா?"

அத்தனை பெண்களும் அந்தக் குழிக்குள் விரலை விட்டிருக்கிறார்கள். நம் லேத் அவர்கள் விரல் நுனியில் பட்டிருக்கிறது. தள்ளிவிட்டுத் தங்கள் சீட்டைச் சொருகியிருக்கிறார்கள். நான் ஒரு மாதமாக ஒவ்வொரு முகமாகத் திருடியைத் தேடிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து அருள்நிறை மரியே சொல்லியிருக்கிறேன்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செக் என்றால் என்ன என்று விளக்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஐயையோ, நான் அத கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோட கொளுத்திடலாம்னு இருந்தேன்டி!" அப்புறம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வேண்டுதல் சீட்டுகளை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டோம். ஒன்றையும் படிக்கவில்லை. ஒன்றைப் படித்தேன். அதை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

இன்று காலை ஒரு செக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். சுப்பராயலு அண்ணனுக்கு அட்வான்ஸ் கொடுத்து லேத்தை உறுதி செய்துவிடலாம் என்று. சம்மந்தம் செக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து மேனேஜரிடம் போனார். "இந்த செக்கு நிறுத்தியிருக்குதும்மா. மஸ்கட்லேர்ந்து தந்தி." அப்போது உங்கள் லெட்டர் எனக்கு வரவில்லை. நீங்கள் என்னை நம்பாமல் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்து அங்கேயே அழுதேன். லெட்டரைப் படித்தபிறகுதான் புரிந்தது.

மேனேஜரிடம் திரும்பப் போனேன். நிறுத்தியதைத் திறக்க உங்கள் கையெழுத்து வேண்டுமாம். எழுதி அனுப்பினாலும் சரி, நேரில் வந்தாலும் சரி. நான் கண்டுபிடித்த காவலும் நீங்கள் கண்டுபிடித்த காவலும் சேர்ந்து நம்மையே வெளியே நிறுத்திவிட்டன. இன்றைய தேதியில் அந்தப் பணத்தை யாரும் திருட முடியாது. நான் உட்பட.

சுப்பராயலு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் இல்லை, அவர் மனைவி கெங்கம்மாள் அக்கா இருந்தார்கள். "பாங்குல நிறுத்தனா நிறுத்தட்டும், எங்க லேத்துக்கு இன்னா காலா கீது ஓடிப்போவ? பொங்கல்னு சொன்னா பொங்கல்தான்" என்றார்கள்.

இனி பாக்கி நீங்கள்தான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

அன்னாமேரி


12.11.1981

அத்தான்,

தந்திக்குப் பதில் இல்லை. லெட்டரும் இல்லை. இன்னும் மூன்று நாளில் 15. தபால்காரர் நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம். உங்கள் அண்ணி எனக்குச் சோறு போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள், சாப்பிடுகிறேனா என்று பார்க்க. "போட்டிருந்தாலும் ரெண்டு வருசம்தானே, ஓடிடும்" என்றார்கள். நீங்கள் எழுதிய அதே வார்த்தை. இரண்டு பேரிடமும் சண்டை போடத் தெம்பில்லை.

போட்டிருந்தால் போட்டேன் என்று எழுதிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

மேரி


கேம்ப்
6.11.81, வெள்ளி

அன்பு மேரிக்கு,

நேற்றைய வண்டியில் உன் தந்தி வந்தது. இன்றைக்கு லீவு, நிதானமாக எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் வண்டி வந்தபோது பேனாவும் கையுமாகத்தான் போனேன். முதலில் தபாலைப் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். உன் 12ஆம் தேதி லெட்டர். மூன்று ரூபாய் வட்டி! டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான், நான் மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் செக் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். என் தந்தி போவதற்குள் யாராவது எடுத்திருந்தால்? அடுத்த வண்டிவரை பார்க்கலாம் என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வேலையில் கை ஒன்றும் ஓடவில்லை. ஒரு ஷாஃப்டை அளவுக்கு மேல் சீவிக் கெடுத்துவிட்டு ஃபோர்மேனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

நேற்று டிரைவர் வண்டியிலிருந்து இறங்காமலே, சுந்தரம், உன் சாரதா வீட்டுக்கு வந்துவிட்டாளாம் என்று கத்தினான். ஹெட் ஆபீசில் தந்தியைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். கேம்ப் மொத்தமும் வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போயிற்று. கோழிக்கோட்டுக்காரன் மட்டும் மெதுவாக வந்து, அப்படியானால் பெண்டாட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்டான். அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் இப்போது அவன் வீட்டுக்கு எழுதுகிறான், ஒரு கட்டு கார்டு வாங்கி பாங்கில் கொடு என்று.

பாங்கில் என் கையெழுத்து கேட்பார்கள் என்று தெரியும். நிறுத்து என்று தந்தியில் சொல்லிவிடலாம், திற என்று தந்தியில் சொல்ல முடியாது. எழுதி அனுப்பலாம்தான். உட்கார்ந்து எழுதக்கூடச் செய்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பதினைந்து நாள் தபாலில் போகிற கையெழுத்துக்கு, ஒரு மாதத்தில் ஆளே வந்து போட்டுவிட்டுப் போகலாமே.

கம்பெனிக்கு, போகிறவன் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். டிசம்பர் 10 பம்பாய்க்கு டிக்கெட். அங்கிருந்து மெட்ராஸ், அப்புறம் பஸ். 13ஆம் தேதி வீட்டில் இருப்பேன். மறுநாள் திங்கள். நாம் இரண்டு பேரும் பாங்குக்குப் போய் உன் பெயரையும் கணக்கில் சேர்த்துவிடுவோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

அண்ணிக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிவிடலாமா? என்ன காரணம் சொல்லிக் கொடுப்பது என்று நீ சொல். உன் தந்தியில் வீட்டில் பத்திரம் என்று மட்டும்தான் இருக்கிறது, மிச்சக் கதை தெரியாது. அவர்களோடு சமாதானமாகிவிட்டாயா என்றும் தெரியாது.

சுந்தரம்


வில்லியனூர்,
18.11.1981

என் அன்பு அத்தானுக்கு,

நேற்று வந்தது. முதலில் அந்த மூன்றாவது வரியை மட்டும் படித்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியிடம் சொன்னேன், அவர்கள் கோழி அடித்துவிட்டார்கள். ராத்திரி படுத்ததுதான் தெரியும். விடிந்து வெயில் ஏறியபிறகு எழுந்திருக்கிறேன். எத்தனை நாளுக்குப் பிறகு என்று தெரியவில்லை. இப்போது கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரவிக்கைத் துணி அவசியம் வாங்குங்கள், சிவப்பு. காரணம் தெரியாமலே நீங்கள் அதை நினைத்தது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். இதற்குள் என் 3ஆம் தேதி லெட்டர் கிடைத்திருக்கும், சிரித்திருப்பீர்கள். வேறு ஒன்றும் வாங்க வேண்டாம். சென்ட் வேண்டாம், டேப் ரிகார்டர் வேண்டாம்.

ஒரே ஒரு கஷ்டம். செசீலியிடம், அப்பா வரப்போகிறார், பேண்ட் போட்டுக்கொண்டு வருவார் என்று அண்ணி சொல்லிவைத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து தெருவில் பேண்ட் போட்ட ஆள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு அப்பா என்கிறாள். ஆஸ்பத்திரி கம்பவுண்டரைச் சொன்னாள். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரைச் சொன்னாள். இன்று காலை பாங்கில் சம்மந்தத்தைச் சொன்னாள். அவர் வெலவெலத்துப்போய், "ஏம்மா, மேனேஜர் பாக்கறாரு" என்று கௌண்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

13ஆம் தேதி நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அவள் உங்களையும் அப்படித்தான் கட்டிக்கொள்வாள். இன்னொரு பேண்ட்காரர் என்று நினைத்துத்தான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லாரும் உடனே இறக்கி விட்டுவிட்டார்கள். நீங்கள் இறக்கிவிடாதீர்கள்.

உங்கள்
அன்னாமேரி